ஊர் வயிறு

நீர்முள்ளிப்பாளையத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது பேருக்கும் ஒரே வயிறு ஆகிப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் புதுக் கொதிகலனுக்குப் பூஜை போட்டு, முதலாளி செங்கோட்டுவேல் தன் வீட்டாருக்கும் சொந்தபந்தத்துக்குமாக மூன்று கிடா வெட்டியிருந்தார். ஆலைக்குப் பின்னால், புளித்த மாவுத் தண்ணீர் ஓடும் வாய்க்காலை ஒட்டிய ஓட்டு வீட்டில், பத்தொன்பது நாட்களாக ஒரு வாய் சோறு இறங்காத பெரியண்ணன் கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

பெரியண்ணன் ரிக் வண்டி ஓட்டியவர். ஆழ்துளைக் கிணறு தோண்டும் அந்த வண்டியோடு ஒரிசாவுக்கும் ராஜஸ்தானுக்கும் போய், முப்பது வருஷம் ஊர் ஊராகப் பூமியைத் துளைத்து, அந்தக் கல்தூசியை எல்லாம் தன் தொண்டையால் விழுங்கி, கடைசியில் தொண்டையில் கட்டி வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் கட்டியைக் கருக்க முப்பத்தைந்து தடவை கரண்டு வைத்து, கஞ்சி ஊற்ற வயிற்றில் போட்ட குழாயும் சீழ் பிடித்து எடுக்கப்பட்டு, இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பப்பட்டவர். அவர் மனைவி அத்தாயி ஆலையில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரிப்பவள். பத்தொன்பது நாட்களாக அவள் ஈரத்துணியால் அவர் உதட்டை நனைப்பதும், ஆலைக்குப் போவதும், திரும்பி வந்து மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பதுமாக இருந்தாள்.

அன்று மத்தியானம் ஒரு மணி சுமாருக்குப் பெரியண்ணன் ஏப்பம் விட்டார்.

"என்னங்க பண்ணுது?" என்றாள் அத்தாயி.

"வயிறு நெறைஞ்ச மாதிரி இருக்குது" என்றார் அவர், காற்றாகிப்போன குரலில். "கறி தின்னாப்ல."

கடைசி நேரத்தில் அப்படித்தான் பேசுவார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனால் அதே நேரத்தில் பக்கத்து வீட்டுப் பாவாயியின் கைக்குழந்தை பாலுக்கு அழுதுகொண்டிருந்துவிட்டுப் பாதியில் நிறுத்தித் தூங்கிப்போனது. ஆலையில் வெறும் டீயோடு வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்குப் பசி அடங்கியது. பந்தலில் செங்கோட்டுவேல் மூன்றாவது இலையை முடித்துவிட்டு, இன்னும் ஒன்றும் உள்ளே போன மாதிரி இல்லையே என்று இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஊருக்கு விஷயம் புரிய ஒரு வாரம் ஆனது. யார் சாப்பிட்டாலும் அது எல்லார் வயிற்றுக்கும் சமமாகப் போனது. நாக்கு மட்டும் அவரவருடையதாக இருந்தது. ஊருக்கு மேற்கே ஓடைப் பாலம் வரைக்கும்தான் இது. பாலத்தின் பாதியைத் தாண்டினால் அவரவர் பசி அவரவருக்கு வந்துவிடும், திரும்பி வந்தால் போய்விடும். டவுன் பஸ் கண்டக்டர் அதைத்தான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னார், பாலம் பாதி தாண்டினதும் தினமும் பயணிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் சோற்று மூட்டையை அவிழ்க்கிறார்கள் என்று. ஏன் இப்படி ஆனது என்று யாரும் அதிகம் கேட்கவில்லை. வாய்க்கால் தண்ணீர் என்றார்கள் சிலர், மாரியம்மன் என்றார்கள் சிலர். பிறகு கார்த்திகை வந்தது, கிழங்கு வெட்டு தொடங்கியது, அதைப் பேச நேரம் இல்லாமல் போய்விட்டது.

ஊர் அதற்கு ஏற்ப மாறிக்கொண்டது. சஷ்டி விரதம் இருந்தவர்களுக்குப் பசிக்கவே இல்லை, அதனால் விரதம் இருந்தது கணக்கில் சேருமா என்று பூசாரியிடம் கேட்டார்கள், பூசாரிக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு மணி அடித்தால் பிள்ளைகள் மெதுவாக எழுந்து போனார்கள். சமையல் செய்கிறவர்கள் உப்பு பார்ப்பதை விட்டார்கள், ஏனென்றால் பசி இல்லாத நாக்குக்கு உப்பும் ஒன்றுதான் இல்லாததும் ஒன்றுதான். பசி என்றும் சொல்ல முடியாது, நிறைவு என்றும் சொல்ல முடியாது. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த கால் போல, எல்லாருடைய வயிறும் இருந்தது, இருப்பது தெரியாமல் இருந்தது.

அத்தாயிக்கு மட்டும் சாப்பிடுவது ஒரு வேலையாக இருந்தது. அவள் தட்டைக் கட்டிலோரம் கொண்டுவந்து வைத்து, புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டாள். ஆயிரத்து நூற்று நாற்பதில் ஒரு பங்குதான் அவருக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். அவரை உயிரோடு வைத்திருந்தது ஊர் முழுக்கச் சாப்பிட்ட சாப்பாடு. ஆனாலும் அவள் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். பெரியண்ணன் உடம்பு தேறி, உட்கார ஆரம்பித்து, வாசலுக்கு வந்து வெயிலில் உட்காரும் அளவுக்கு ஆனார்.

ஆலை வாசல் பேக்கரியில் இதைப் பற்றி வாதம் நடந்தது. ஒரு பக்கம் செங்கோட்டுவேல், மறுபக்கம் ஆலைத் தொழிலாளர் சங்கத் தலைவன் தங்கராசு. பதினான்கு வருஷமாகப் போனஸுக்கும் கூலிக்கும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிய பழக்கம் இருவருக்கும்.

"நான் வாங்குன அரிசி, என்ர வாயில போடறேன், கண்டவன் வயித்துல போய் உழுகுது" என்றார் செங்கோட்டுவேல். "நானாக் குடுத்தா அதுக்குப் பேரு தர்மம். என்னைக் கேக்காம போனா அதுக்கு என்னப்பா பேரு?"

"உங்க அரிசி எங்கிருந்து வந்துச்சுங்க?" என்றான் தங்கராசு. "நாங்க தோல் உரிச்ச கிழங்குல வந்துச்சு. இத்தன வருஷம் எங்களது உங்க வயித்துக்குப் போச்சு. அப்ப யாரு எங்களைக் கேட்டாங்க?"

"அதுக்குத்தான் கூலி."

"இதுக்கும் எதாச்சும் ஒரு பேரு வெச்சுக்கலாமுங்க."

தங்கராசுவுக்கு அந்த நாட்களில் ஒரு நம்பிக்கை இருந்தது. தான் மேடையில் பேசியதெல்லாம் யாரும் சண்டை போடாமலே ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் நடந்துவிட்டது என்று அவன் நினைத்தான். செங்கோட்டுவேல் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு வாடகைக்குப் பிடித்து, அங்கே போய்ச் சாப்பிட்டுப் பார்த்தார். திரும்பி வரும்போது பாலத்தின் பாதியில், படியில் கால் தவறியது போல, சாப்பிட்டது முழுதும் சட்டென்று இறங்கிப்போவது தெரிந்தது. இரண்டு மாதத்தில் அதையும் விட்டுவிட்டார்.

பிறகு ஒரு மாற்றம் வந்தது, யாரும் தீர்மானித்து வந்ததல்ல. ஒரு வேளை சாப்பிடாமல் விட்டால் ஒரு வித்தியாசமும் இல்லை என்று பாவாயி கண்டுகொண்டாள். அவள் வீட்டில் நாலு பேர். நாலு பேர் சாப்பிடாவிட்டாலும் ஊர் வயிற்றில் அது தெரியவில்லை. ராத்திரிக்கு அடுப்பு மூட்டுவதை நிறுத்தினாள், மிச்சமான அரிசியைப் பாலம் தாண்டி விற்றாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அதே வாரத்தில் அதே விஷயத்தை நூறு வீடுகள் தனித்தனியாகக் கண்டுபிடித்திருந்தன. தைப்பொங்கலுக்குப் பொங்கல் வைத்தவர்கள் அதை மாட்டுக்குப் போட்டார்கள். மாசியில் ஊரில் எல்லாருக்கும் ஒரே மாதிரி கன்னம் ஒட்டிப்போயிருந்தது. செங்கோட்டுவேலின் பேத்திக்கும் பாவாயியின் குழந்தைக்கும் ஒரே மாதிரி முட்டி எலும்பு தெரிந்தது. வயிறு கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானதால் யாருக்கும் அது பசி என்று தெரியவில்லை. பெரியண்ணன் மறுபடியும் கட்டிலுக்குப் போனார்.

அப்போதுதான் அரசாங்கம் வந்தது. தாசில்தார் தில்லைநாயகி, நாகப்பட்டினம் பக்கத்துக்காரர், நாற்பது வயசு, ஜீப்பில் வந்து இறங்கி, முதல் நாள் தன் டிபன் பாக்ஸில் இருந்த தயிர்சாதத்தை மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்தபின், ஒன்றும் உள்ளே போன மாதிரி இல்லாததால், மூடியைத் திறந்து காலி டப்பாவை மறுபடி பார்த்தார். மறுநாளிலிருந்து சமுதாயக் கூடத்தில் மூன்று வேளையும் அரசாங்கச் சமையல். எல்லாரும் வந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்டவர்களின் நகத்தில் ஓட்டுப் போட்டதற்கு வைப்பது போல, ஆனால் ஒரு நாளில் அழிந்துபோகும் ஊதா மை வைப்பார்கள். மை இல்லாதவர்கள் பாலம் தாண்ட முடியாது, ஆலையில் நுழைய முடியாது. தில்லைநாயகியும் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டு, நகத்தை நீட்டி மை வைத்துக்கொண்டார்.

"எனக்குப் பசிக்கலைன்னா சாப்பிட வைக்க அரசாங்கத்துக்கு என்ன அதிகாரம்?" என்று கேட்டார் செங்கோட்டுவேல்.

"உங்களுக்குப் பசிக்கலைங்கறது இன்னொருத்தர் சாப்பிட்டதால சார்" என்றார் தில்லைநாயகி. அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அவர் எதையுமே கோபமாகச் சொல்லவில்லை.

முடியாதவர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். கைக்குழந்தைகள், காய்ச்சல்காரர்கள், பெரியண்ணன் என்று முதலில் பதினோரு பேர். அத்தாயி போய், அவர் பங்கையும் தானே சாப்பிடுவதாகச் சொன்னாள், தில்லைநாயகி சரி என்றார். அதன்பின் அத்தாயி ஒவ்வொரு வேளையும் இரண்டு பந்தியில் உட்கார்ந்தாள், இரண்டு நகத்தில் மை. வயிறு நிறையாத ஊரில் அவ்வளவு சோற்றை விழுங்குவது கஷ்டமில்லை, ஆனால் தாடை வலித்தது. ஒரு மாதத்தில் மற்றவர்களும் ஆள் வைத்துக்கொண்டார்கள்; செங்கோட்டுவேல் வீட்டு ஆறு பேருக்கும் சேர்த்துச் சாப்பிடப் பாவாயி கூலிக்குப் போனாள், ஒரு நாள் விழுங்கியது தொண்டையில் அடைத்துப் பந்தியிலேயே வாந்தி எடுத்தாள். உடனே ஆளுக்குப் பதில் ஆள் சாப்பிடுவதைத் தடை செய்தார்கள். அதனால் டாக்டர் சர்ட்டிபிகேட்டுகள் வந்தன. பதினோரு பேர் விலக்கு நாற்பதாகி, நூறாகி, சித்திரையில் இருநூற்றுப் பதினேழு ஆனது. ஊர் வயிறு மறுபடியும் காலியாக ஆரம்பித்தது.

கலெக்டர் ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. இனி யாருக்கும் விலக்கு இல்லை. பால்குடிப் பிள்ளைகள் தவிர, சாப்பிட முடியாதவர்கள் யாராக இருந்தாலும் ஊர் எல்லைக்கு வெளியே ஆஸ்பத்திரியில் வைத்துப் பராமரிக்கப்படுவார்கள். கிராம சபை இதைத் தீர்மானமாக நிறைவேற்றித் தர வேண்டும்.

உத்தரவு ஒட்டிய அன்று சாயங்காலமே விலக்கு வாங்கிய எல்லாரும் பந்திக்கு வந்துவிட்டார்கள். வர முடியாமல் போனவர் பெரியண்ணன் ஒருவர்தான்.

கிராம சபை ஞாயிற்றுக்கிழமை காலையில் சமுதாயக் கூடத்தில் கூடியது. பந்திப் பாய்களைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு ஜனங்கள் தரையில் உட்கார்ந்தார்கள். தில்லைநாயகி உத்தரவை வாசித்தார். வாசித்து முடித்ததும் அத்தாயி எழுந்து நின்றாள்.

"தாசில்தாரம்மா, ஒண்ணு கேக்கோணும். அவரு ஊர்ல இருந்தா ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவு கொறையுதுங்க?"

தில்லைநாயகி பேப்பரில் ஏதோ போட்டுப் பார்த்தார். "ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பதினஞ்சு பருக்கை கணக்கு வரும், அவ்வளவுதான்" என்றார்.

"அதை நான் தின்னுட்டுப் போறேனுங்க. இத்தன நாளும் தின்னேன்."

"ஆளுக்குப் பதில் ஆள் கூடாதுன்னு ஆயிடுச்சும்மா."

"அப்ப அந்தப் பத்துப் பருக்கைய விட்ருங்க."

தங்கராசு எழுந்தான். அவன் கன்னமும் எல்லாருடையது போலவே ஒட்டியிருந்தது.

"அக்கா, அண்ணன் ரிக்குல போயிட்டு வர்றப்பெல்லாம் எனக்கு எதாச்சும் வாங்கிட்டு வருவாரு. நான் மறக்கலை" என்றான். "பருக்கையப் பத்தி யாருக்கும் ஒண்ணுமில்ல. ஆனா ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு இருநூறு பேரு நிப்பாங்க. பாத்தோமில்ல? அப்புறம் யாரும் திங்க மாட்டாங்க. மொத்த ஊரும் போயிரும். எல்லாத்துக்கும் ஒரே சட்டம்னு இருந்தாத்தான் நிக்கும்."

"உங்கண்ணன் ஏமாத்துறாருன்னு சொல்றியா தங்கராசு?"

"இல்லீங்க்கா. அவரு ஒருத்தருதான் ஏமாத்தலை."

அவன் உட்கார்ந்துவிட்டான். தில்லைநாயகி மெதுவாகச் சொன்னார்: "அங்க ஆஸ்பத்திரியில பாத்துக்குவாங்க. அரசாங்கம் யாரையும் பட்டினி போடாதும்மா."

"அங்கிருந்துதானுங்க திருப்பி அனுப்புனாங்க" என்றாள் அத்தாயி.

தீர்மானப் புத்தகம் வரிசையில் வந்தது. ஒவ்வொருவராக, ஊதா நகத்தோடு, கையெழுத்துப் போட்டார்கள் அல்லது கைநாட்டு வைத்தார்கள். தங்கராசு போட்டான். செங்கோட்டுவேலிடம் வந்தபோது அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னால முடியாதுங்க" என்றார். "என்ர சோத்துல பங்கு கேட்டு எவனும் வரக் கூடாதுன்னு சொன்னவன் நான், இன்னைக்கும் சொல்றேன். ஆனா ஒருத்தனை அவன் வீட்டுல இருந்து எடுத்துட்டுப் போறதுக்கும் எவனுக்கும் அதிகாரம் இல்லை. ரெண்டும் ஒண்ணுதான்." பிறகு, அத்தாயியைப் பார்க்காமல், புத்தகத்தைப் பக்கத்தில் நகர்த்தினார். அவரால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை, செய்யவும் இல்லை. ஒரு கையெழுத்து குறைந்ததால் தீர்மானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

பாவாயி அத்தாயிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் கையெழுத்துப் போட்டாள்.

"எனக்கு ஒண்ணுமே தோணலைக்கா, வயிறு மாதிரியே மரத்துக் கெடக்குது" என்றாள். "அழுகை வரோணும். வரலை."

"எனக்கும் வரலை" என்றாள் அத்தாயி. புத்தகத்தை வாங்கி, போடாமல், அடுத்த ஆளிடம் கொடுத்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. பெரியண்ணனை ஸ்ட்ரெச்சரில் தூக்கியபோது அவர் எடை ஒரு கிழங்கு மூட்டை அளவுகூட இல்லை. அத்தாயி பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். தில்லைநாயகி ஜீப்பில் பாலம் வரைக்கும் வந்தார். ஜனங்கள் தெருவில் நின்று பார்த்தார்கள், வண்டி திரும்பினதும் ஆலைக்குப் போனார்கள்.

பாலத்தின் பாதியில் பெரியண்ணன் கண்ணைத் திறந்தார். கை வயிற்றின் மேல் போனது. ஏழு மாதத்தில் தனியாக அவருக்கு வந்த முதல் பசி அது. அத்தாயிக்கும் அதே நேரத்தில் வந்தது, மரத்த காலில் ரத்தம் ஓடும்போது குத்துவது போல, முதலில் ஒரு புள்ளியில், பிறகு வயிறு முழுக்க, தாங்க முடியாமல்.

"பசிக்குது அத்தாயி" என்றார் அவர்.

அவள் டிரைவரிடம் நிறுத்தச் சொன்னாள். பாலம் இறங்கினதும் ஒரு பேக்கரி இருந்தது. இரண்டு தேங்காய் பன்னும் ஒரு டீயும் வாங்கிக்கொண்டு வந்து, ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பிய்த்துச் சாப்பிட ஆரம்பித்தாள். ஏழு மாதப் பழக்கம். முதல் பன் பாதி போனது, அது தன் வயிற்றில் கனமாக இறங்குவது அவளுக்குத் தெரிந்தது. அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் வரலையே" என்றார்.

அவள் வேகமாகச் சாப்பிட்டாள். இரண்டாவது பன்னையும் சாப்பிட்டாள், டீயைக் குடித்தாள். அவர் காத்திருந்தார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பார்வையைத் திருப்பிக்கொண்டு, வண்டியை எடுத்தார். அத்தாயி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்; அவள் வயிறு நிறைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் கையில் ஊசி ஏற்றி, பாட்டில் பாட்டிலாக இறக்கினார்கள். நல்ல ஜனங்கள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரியண்ணன் பதினோரு நாள் இருந்தார். பன்னிரண்டாம் நாள் காலையில் தகனம் செய்ய ஊருக்குக் கொண்டுவந்தார்கள், அன்று ஊரே சுடுகாடு வரைக்கும் வந்தது. அத்தாயிக்கு அழுகை வந்ததெல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டது. காரியம் முடிந்த மூன்றாம் நாள் அவள் ஒரு பையில் துணி எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போய், பன் வாங்கிய அந்தப் பேக்கரியிலேயே பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். பின்கட்டில் ஒரு அறை கொடுத்தார்கள்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் தங்கராசு பாலம் தாண்டி வந்தான். நகத்தைக் காட்டி, செக்போஸ்டில் பெயர் சொல்லிவிட்டு வந்திருந்தான். பெஞ்சில் உட்கார்ந்தான். அத்தாயி தண்ணீர் வைத்தாள்.

"ஊர்ல எப்படி இருக்குது?" என்று கேட்டாள்.

"அப்படியேதானுங்க்கா இருக்குது. எல்லாரும் திங்கறோம். யாரும் சாகலை." தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னான்: "அண்ணன் போனப்புறம் எதாச்சும் கூடுச்சான்னு நான் பாத்துட்டே இருந்தேன். ஒண்ணும் கூடலை."

அவள் பக்கத்து மேசையைத் துடைத்தாள்.

"தாசில்தாரம்மா மாத்தல் கேட்டிருக்காங்களாம். வந்தப்ப இருந்ததுல பாதி ஆள்கூட இல்ல இப்ப, அவ்வளவு மெலிஞ்சுட்டாங்க." அவன் டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தான். "ஊருக்கே வந்துருங்க்கா. வீடு சும்மா பூட்டிக் கெடக்குது. நாளைக்கு உங்களுக்கு முடியாமப் போச்சுன்னா இங்க யாரு இருக்காங்க?"

"முடியாமப் போச்சுன்னா அங்கயும் இருக்க உட மாட்டீங்களே தங்கராசு."

அவள் அதைக் குத்திக்காட்டவில்லை. பஸ் நேரம் சொல்வது போலத்தான் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் வயிறு சத்தம் போட்டது, அவனே கேட்டு ஆச்சரியப்பட்டது போல வயிற்றைப் பிடித்துக்கொண்டான். அவள் உள்ளே போய் ஒரு தட்டில் பன் கொண்டுவந்து வைத்தாள்.

"கொஞ்ச நேரம் ஆகட்டுங்க்கா" என்றான் அவன். "இப்படிப் பசியோட இருந்து ரொம்ப நாளாச்சு."

"உன் இஷ்டம்" என்றாள் அத்தாயி. "எனக்குப் பசிக்குது."

அவள் கையைக் கழுவிவிட்டு, தன் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். காலையில் வைத்த ரசம், கொஞ்சம் உப்பு தூக்கலாக இருந்தது. அவள் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள்.